வில்லங்கச் சான்று

மஞ்சக்குப்பம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
பத்தொன்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
தாய்ப்பத்திரம் இல்லாமல் வருகிறவர்களைத்
திருப்பி அனுப்பிப் பழகிய வாய்.
கோரிமேட்டில் டாக்டர் ஃபெலிசியா
வெள்ளைத் தாளைக் குறுக்கே திருப்பி வைத்து
"உங்க ரெண்டு பக்கமும் சொல்லுங்க" என்றபோது
நமக்குத் தெரிந்த வேலைதானே என்று நினைத்தேன்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
கல்யாணத்துக்கு ஒரு கோடு,
சொந்தத்தில் என்றால் இரட்டைக் கோடு.
எங்களுக்கு ஒற்றை.
வெளியில் பெண் எடுத்த வினை என்று
அந்த ஒற்றைக் கோட்டைத்தான்
நாத்தனார் ஐந்து வருடமாகச் சொல்லிவருகிறாள்.

துவாரகா ஜன்னலில் நின்று
கீழே நிற்கும் வண்டிகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.
பி.ஒய். சீரோ ஒன்று. டி.என். முப்பத்தொன்று.
என்னை அம்மா என்று இன்னும் அழைத்ததில்லை.
முள்ளோடை தாண்டினால் நம்பர் பலகை மாறும் என்பதை
யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தவள்.
அதே பஸ்ஸில் அத்தனை தடவை போயும்
எனக்குத் தெரிந்த எல்லை
சாராயக் கடைகள் மட்டும்தான்.

"பேச்சு வராதவங்க, படிப்பு நின்னவங்க,
கொஞ்சம் தனியா இருந்தவங்க, யாராவது?"
இல்லை என்றார் ஞானசேகரன், சட்டென்று.
நானும் தலையாட்டினேன்.
பேனா ஒரு சதுரத்துக்கு இடம் விட்டுக் காத்திருந்தது.

தனகோட்டி.
இவர் அப்பாவின் கடைசித் தம்பி.
துறைமுக ஜங்ஷனில் கூட்ஸ் நின்றால்
கடைசிப் பெட்டிவரை நடந்து
நம்பர் அத்தனையும் வாசித்துவிட்டுத்தான்
சோற்றுக்கு வருவார்.
எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இல்லை.

அவர் பாகத்துக்கு
விடுதலைப் பத்திரம் எழுதியது நான்.
'சுயநினைவுடனும் மனப்பூர்வமாகவும்
பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும்...'
தூக்கத்திலும் எனக்கு வரும் வரி.
ஆறு பக்கம், ஆறு ரேகை.
மை துடைக்கத் துணி நீட்டினேன்.
வாங்காமல் மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்தார்.
சர்வே எண் 114/2ஏ என்று எழுதியிருந்தேன்.
"பி" என்றார்.
அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.
அடித்துத் திருத்தினேன்.
திருத்தலுக்கு ஓரத்தில் ஏழாவது ரேகை.
தன் நிலத்தைப்
பிழையில்லாமல் எங்களுக்குக் கொடுத்தார்.

"ஒருத்தர் இருக்கார் டாக்டர்" என்றேன்.
ஞானசேகரன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மாதம் கழித்து ரிப்போர்ட், பதினாறு பக்கம்.
ஒரு ஜீனில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
அப்பாவிடமும் அது உண்டு.
அதனால்தானா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.
வில்லங்கம் உண்டு, வில்லங்கம் இல்லை,
எங்கள் ஆபீஸில் இந்த இரண்டுதான் தருவார்கள்.

அப்பாவிடமும் உண்டு.
ஒரு நாள் முழுக்க, வெட்கமில்லாமல்,
சந்தோஷமாக இருந்தேன்.
நாத்தனார் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன்.
மறுநாள் காலை இவர் பீரோவில் சட்டை அடுக்குகிறார்,
வெளிறியதிலிருந்து கறுத்தது வரை,
பதினொரு வருடமாக அப்படித்தான்,
ஒன்று இடம் மாறினாலும் ஆபீஸ் போகமாட்டார்.
போனைக் கீழே வைத்தேன்.

சித்தப்பா ரத்தமும் கிடைத்தால்
கொஞ்சம் தெளியலாம் என்றார் டாக்டர்.

நெல்லிக்குப்பம் காப்பகம், ஞாயிற்றுக்கிழமை.
ஒப்புதல் கடிதம் என் கையெழுத்தில்.
'சுயநினைவுடனும்' வரை வந்து நின்றுவிட்டது.
தாளை மடித்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.
குழந்தைக்காக, மாமா.
வேண்டாமென்றால் வேண்டாம்.

"எத்தனை மில்லி?"

மூன்று.

குழாயில் ஒட்டிய நீள நம்பரை
துவாரகா சத்தமாக வாசித்தாள், இரண்டு தரம்.
அவர் ஊசியைப் பார்க்கவில்லை.
நர்ஸ் பஞ்சை வைத்து
அழுத்திப் பிடிச்சுக்குங்க என்றதும்
இடது பெருவிரலை
என் பக்கம் நீட்டினார்.